அறுபது டாலரும் ஒரு ரயில் டிக்கெட்டும்

போர் முடிந்து திரும்பும் சிப்பாய்க்கு மாலை போடுவதில் எந்த நாடும் குறை வைப்பதில்லை. மாலை வாடிய பிறகு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். அமெரிக்காவின் கதையை எடுத்துக்கொள்வோம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளம்.

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் கையில் 60 டாலரும் ஊர் போய்ச் சேர ரயில் டிக்கெட்டும் இருந்தன. போர்முனையில் அவருக்குச் சம்பளம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு டாலர். ஊரோடு இருந்து ஆயுதத் தொழிற்சாலைக்குப் போனவர் அதைவிட எவ்வளவோ அதிகம் சம்பாதித்திருந்தார். இந்த வித்தியாசத்தைக் கொடுங்கள் என்றுதான் திரும்பியவர்கள் கேட்டார்கள். தர்மம் இல்லை, சம்பள பாக்கி.

ஜனாதிபதி கூலிட்ஜ் மறுத்தும், 1924-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. உள்நாட்டில் பணி செய்த நாளுக்கு 1 டாலர், கடல் கடந்த நாளுக்கு 1.25 டாலர். ஆனால் தொகை 50 டாலரைத் தாண்டினால் ரொக்கம் கிடையாது, பத்திரம்தான். அது பணமாவது 1945-ல்! செத்த பிறகு வாங்கிக்கொள் என்பதற்கு இதைவிட மரியாதையான வழி இருக்காது.

1929-ல் பங்குச் சந்தை சரிந்தது, வேலைகள் போயின. 1932-ல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டிலிருந்து வால்டர் வாட்டர்ஸ் என்ற முன்னாள் சார்ஜென்ட் தலைமையில் ஒரு கூட்டம், பத்திரப் பணத்தை உடனே கேட்டு, சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு வாஷிங்டனுக்குக் கிளம்பியது. மற்ற மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் சேர, முன்னாள் வீரர்கள் மட்டும் சுமார் 17,000 பேர். குடும்பங்களையும் ஆதரவாளர்களையும் சேர்த்தால் 40,000-க்கும் மேல் என்பார்கள். அனகோஸ்டியா ஆற்றங்கரையில் பலகை, தகரம், அட்டை என்று கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டார்கள்.

அந்த முகாமில் ஒரு விசேஷம். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் படைப்பிரிவு. இங்கேயோ கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் படுத்து, ஒரே வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். நேரில் போய்ப் பார்த்த கறுப்பினப் பத்திரிகையாளர் ராய் வில்கின்ஸ் இதை வியந்து எழுதினார்.

பணத்தை உடனே கொடுக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் ஜூன் 15 அன்று நிறைவேறியது. இரண்டே நாளில் செனட் தூக்கி எறிந்தது. பலர் ஊர் திரும்பினார்கள், போக்கிடம் இல்லாதவர்கள் தங்கிவிட்டார்கள். ஜூலை 28 அன்று போலீஸ் சுட்டதில் முன்னாள் வீரர்கள் இருவர் உயிரிழக்க, ஜனாதிபதி ஹூவர் ராணுவத்தை வரவழைத்தார். ஜெனரல் மெக்கார்தர் குதிரைப்படை, டாங்கி, கண்ணீர்ப்புகையோடு இறங்கினார். அன்றிரவு முகாம் எரிந்தது. சினிமா கொட்டகைச் செய்திப்படங்களில் நாடே அதைப் பார்த்தது. நவம்பர் தேர்தலில் ஹூவர் தோற்றார். பொருளாதாரம்தான் பெரிய காரணம் என்றாலும், அந்த நெருப்புக்கும் பங்கு உண்டு.

அவர்கள் கேட்ட பணம் 1936-ல் வந்தது, அதுவும் ஹூவருக்குப் பின் வந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மறுப்பை மீறி. இரண்டாம் உலகப் போரில் ஒரு கோடியே 60 லட்சம் பேர் சீருடை போட்டார்கள். இத்தனை பேரும் வேலையில்லாமல் தலைநகருக்கு வந்தால்? 1944 ஜூன் 22 அன்று, நார்மண்டியில் படைகள் இறங்கிப் பதினாறே நாளில், ரூஸ்வெல்ட் முன்னாள் வீரர்களுக்கான ஜி.ஐ. மசோதாவில் கையெழுத்திட்டார். கல்லூரிக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை, கைச்செலவுக்கு உதவித்தொகை, வேலையில்லாதவருக்கு வாரம் 20 டாலர், வீட்டுக் கடனுக்கு அரசின் உத்தரவாதம். 1947-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள்தான். இதை நன்றியுணர்ச்சி என்று எழுதுபவர்கள் எழுதட்டும். 1932-ன் பயம் இல்லாவிட்டால் இவ்வளவு தாராளம் வந்திருக்காது என்பது என் கட்சி.

பயத்தில் பிறந்த தாராளம், பயமுறுத்த முடியாதவர்களை எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் கடன் கொடுப்பது உள்ளூர் வங்கி, இடம் கொடுப்பது உள்ளூர்க் கல்லூரி. தென் மாநிலங்களில் அவை யார் கையில் இருந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. 1947-ல் மிசிசிப்பி மாநில நகரங்களில் எடுத்த கணக்கின்படி, இச்சட்டத்தின் கீழ் முன்னாள் வீரர்களுக்கு வழங்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பர்களுக்குக் கிடைத்தவை 2.