லடாக் செல்வோர் கவனத்துக்கு

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் உத்தியோக நிமித்தமாகக் குடியேறிய நம்மவர்க்கு இமயமலை இப்போது எட்டாத தூரமன்று. தில்லியில் விடியற்காலையில் விமானம் ஏறினால், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் லடாக்கின் முக்கிய நகரமான லேயில் இறங்கிவிடலாம். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் சமயம் பார்த்து, நான்கு நாள் விடுப்பில், "பனிமலையைக் காட்டி அழைத்து வருவோம்" என்று புறப்படுகிறவர்களும் நம்மிடையே உண்டு. பிறர் துணையின்றித் தாமே ஏற்பாடு செய்துகொண்டு செல்லும் இத்தகைய அன்பர்கள் அறிய வேண்டிய சில செய்திகளை இங்கே கூறுகிறோம்.

லடாக் என்றதும் நாம் அஞ்சுவது குளிருக்கு. கம்பளி வாங்குவதிலேயே பாதி ஆயத்தம் முடிந்துவிடுகிறது. ஆனால் கோடைக்காலப் பிரயாணிக்கு அங்கே முதற்பகை குளிர் அன்று, காற்றின் மென்மையே. லே நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர், அதாவது 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். ஆகவே உதகையையும் சிம்லாவையும் பார்த்த பழக்கம் இங்கே உதவாது. லேயில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சு ஒவ்வொன்றிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இக்குறைவை ஈடுசெய்ய உடல் தன் சுவாசத்தையும் இரத்தத்தின் தன்மையையும் மெல்ல மாற்றிக்கொள்கிறது. அதற்குச் சில நாட்கள் வேண்டும். தேகபலம் இதற்கு ஈடாகாது. நாள்தோறும் ஓடிப் பழகிய இளைஞர் படுத்துவிட, மெல்ல நடக்கும் முதியவர் சௌக்கியமாக இருப்பதும் உண்டு.

எனவே விமானத்தில் இறங்கியவர்கள் முதல் இரண்டு நாட்கள் ஓய்வாக இருத்தல் அவசியம். படியேறி மடாலயம் பார்ப்பதையும் கடைவீதியில் சுற்றுவதையும் மூன்றாம் நாளுக்கு ஒதுக்கிவைக்கலாம். மது வேண்டாம். தூக்க மாத்திரை அதைவிட வேண்டாம். லேசான தலைவலி, பசியின்மை, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை மலை நோயின் ஆரம்பக் குறிகள். இங்கேதான் நம்மவர் வழக்கம் ஒன்று அபாயமாக முடிகிறது. தலைவலியும் குமட்டலும் வந்தால் "பித்தம்" என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு, பிள்ளைகளின் உற்சாகத்தைக் கெடுக்கலாகாது என்று பெரியவர்கள் வாய்திறவாமல் இருந்துவிடுவார்கள். மலைமேல் தலைவலியைப் பித்தம் என்று கொள்ளலாகாது. அது தீரும்வரை அதற்கு மேல் ஒரு படியும் ஏறலாகாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஓயாத இருமல், நுரைகலந்த கோழை ஆகியவை தோன்றினால் சுவாசப்பையில் நீர் கோத்திருக்கிறது என்று அறிக. நடை தள்ளாடினாலோ பேச்சுக் குழறினாலோ மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டும் உயிருக்கு உலை வைப்பவை. பிராணவாயு கொடுப்பதோடு, விடியும்வரை காத்திராமல் உடனே கீழே இறக்குவதே சிகிச்சை. லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை என்னும் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. அங்கே இந்நோய்க்கு மருத்துவம் பார்ப்பது அன்றாட வேலை.

கீழே இறக்குவது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். லடாக்கின் நில அமைப்பு அதற்கு எப்போதும் இடம் கொடுப்பதில்லை. படங்களில் கண்டு பலரும் ஆசைப்படும் பாங்கோங் ஏரி சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து லேக்குத் திரும்பும் வழக்கமான பாதை 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட சாங் லா கணவாயைக் கடந்து வருகிறது. ஏரிக்கரையில் நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவரைக் கீழே கொண்டுவர வேண்டுமானால், முதலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றித்தான் இறக்க வேண்டும்! ஆதலால் லேயில் உடல் தேறிய பிறகன்றிப் பாங்கோங்கில் இரவு தங்குவதை நாம் ஆதரிக்கமாட்டோம். கார்துங் லா கணவாய்க்கு அப்பால் உள்ள நூப்ரா பள்ளத்தாக்கு லேயைவிடத் தாழ்வானது. முதலில் அங்கே இரண்டு இரவுகள் தங்கிப் பிறகு ஏரிக்குப் போவது நல்ல முறை. கணவாய் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு நெடுநேரம் நிற்க வேண்டாம்.

விடுப்பு அதிகம் உள்ளவர்களுக்குத் தரைவழியே சிறந்தது. ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் செல்லும் சாலை படிப்படியாக உயர்கிறது. கார்கிலில் ஓர் இரவு தங்கினால் உடலும் பழகிக்கொள்ளும். மணாலியிலிருந்து செல்லும் சாலை அவ்வாறன்று. அதில் சர்ச்சு என்னுமிடத்தில் கூடாரங்களில் தங்குவது வழக்கம். அது லேயைவிட ஏறத்தாழ 800 மீட்டர் உயரமானது. மணாலியில் காலையில் புறப்பட்டவர் அன்றிரவே அங்கே உறங்குவது மலை நோயைத் தாமே வரவழைப்பது போலாகும். கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவுகள் கழித்துவிட்டு, மறுநாள் அதிகாலையில் கிளம்பி லே சேர்வது நலம்.

இருதய நோய், சுவாச நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயணச்சீட்டு வாங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உண்டு. சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது கெடுதல் செய்யக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயனற்றது, மீண்டும் உருகினாலும் அதைப் போட்டுக்கொள்ளலாகாது. ஆகவே அதைப் பெட்டியில் வைக்காமல் உட்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

இனிக் குளிரைப் பற்றி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் வெயில் சுரீரென்று சுடும், இரவில் நடுக்கும். ஒரே தடித்த மேலங்கியைக் காட்டிலும், ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து வேண்டும்போது கழற்றத்தக்க மெல்லிய கம்பளி உடுப்புகளே ஏற்றவை. நமக்குப் பிரியமான பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து உடம்பைச் சில்லிடச் செய்யும். அதை ஊரிலேயே விட்டுவிடலாம். கறுப்புக் கண்ணாடி ஆடம்பரமன்று. பனியின்மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுத்துவிடும். தேங்காயெண்ணெய் தில்லி மார்கழியிலேயே கல்லாகிவிடுவதை அறிவோம், அங்கே அதைக் கேட்கவே வேண்டாம். பனிக்காலத்தில் செல்பவர்கள் குழாய்களில் நீர் உறைந்து வாளித் தண்ணீரிலேயே காரியங்களை முடிக்கச் சித்தமாக இருக்க வேண்டும். புக்காரி அடுப்பையோ கரி அங்கீட்டியையோ மூடிய அறையில் எரியவிட்டு உறங்குவது மட்டும் ஒருக்காலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

உணவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. லேயில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. பிரஷர் குக்கர் இல்லாத வீட்டில் சாம்பாரை எதிர்பார்ப்பது நியாயமன்று. சூடான துக்பாவும் காம்பீர் ரொட்டியும் உடம்புக்கு இதமானவை. உப்பும் வெண்ணெயும் இட்ட தேநீர் நம் நாக்குக்கு முதல்நாள் ரசம்போலத் தோன்றும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

லேயை விட்டு வெளியே செல்லுமுன் போதிய ரொக்கத்தை எடுத்துக்கொள்க. அடையாளச் சான்று கையில் இருக்கட்டும். எல்லைப்புறப் பகுதிகளுக்கான அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுவதால், லேயிலேயே விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும். பனி உருகிவரும் ஓடைகள் பிற்பகலில் பெருகும். அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வறண்டு கிடக்கும் ஓடைப்படுகையில் கூடாரம் அடிக்கவே கூடாது. 2010 ஆகஸ்டில் ஓர் இரவில் பெய்த பெருமழையில் லேயிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வானிலை மாறினால் லே விமானங்கள் நின்றுவிடுவதும் உண்டு. காலையில் லேயிலிருந்து விமானம், அன்றிரவே தில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று பெற்றோருக்குச் சீட்டு எடுத்துவைப்பவர்கள், நடுவில் ஒருநாளாவது இடைவெளி விட்டுக்கொள்வார்களாக.