பொருத்தமான சில்லு

மேடும் பள்ளமுமான வழியிற் செல்லும் உமணர், தம் உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றின் 102 ஆம் பாடலால் அறிகின்றோம். அதனைச் சேம அச்சு என்றனர். பொகுட்டெழினியை ஔவையார் அவ்வச்சுக்கு ஒப்பிட்டமை தமிழ் கற்றார் அறிந்ததே. மாற்றுறுப்பு கைவசம் இருந்தால் மட்டும் போதாது. அது அவ்வண்டிக்கே உரிய அளவினதாயும் இருத்தல் வேண்டும். அளவு பிழைத்த அச்சினால் உமணர்க்கு யாது பயன்? இவ்விதி இக்காலத்து மோட்டார் வண்டிக்கும் ஒக்கும். ஆயின், மாற்றுச் சில்லுத் தெரிந்தெடுப்போருட் பலர் ‘ஏறினாற் போதும்’ என்றே கருதுகின்றனர். ஏறுதல் வேறு; பொருந்துதல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னி நிலத்தார் இதனைப் பெரிதும் பாராட்டாது விட்டமைக்குத் தக்க காரணம் உண்டு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் வாகன உதிரிப்பாகங்களும் அரிதாயின. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. கிடைத்ததைக் கொண்டு வண்டியை நகர்த்துதலே அன்றைய கைத்திறன். அத்திறனை நாம் குறைத்துக் கூறோம். நிற்க. 2002 இல் திறக்கப்பட்டு 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 வீதி, 2009 இல் போர் முடிந்த பின் மீண்டும் திறக்கப்பட்டுக் காப்பெற் வீதியாகச் செப்பனிடப்பட்டது. குழிகளில் ஊர்ந்த வண்டி இன்று விரைந்து செல்கின்றது. அன்றைய மெதுவான ஓட்டம் பொறுத்த பிழையை இன்றைய வேகம் பொறாது.

இனி, ஓர் உண்மை எடுத்துக்காட்டைக் கொள்வாம். 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் ஸ்ரியறிங் அமைப்பே, பத்தாண்டு கழித்து வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் எடுத்தாளப்பட்டது. அதன் உடன்பிறப்பாகிய எம். ஜி. மிட்ஜெற் 1961 இல் வந்தது. இம்மூன்று வண்டிகளின் சில்லுகளும் நான்கு திருகாணிகளால் ஏற்றப்படுவன. அத்திருகாணிகள் நிற்கும் வட்டத்தின் விட்டமும் 4 அங்குலமே. ஆகவே, மிட்ஜெற்றின் 13 அங்குலச் சில்லு மைனரின் திருகாணிகளுக்கு இசையும். அதன் கம்பிச் சில்லோ இசையாது. அது நடுவில் ஒரே நட்டினால் இறுக்கப்படுவது. அதற்கென வரித்தடம் வெட்டிய தனிக் குடம் வேண்டும்.

முதலில் நோக்கற்பாலது இத்திருகாணி வட்டமே. 4 அங்குலம் என்பது 101.6 மில்லிமீற்றர். இக்காலச் சிறிய யப்பானியக் கார்கள் பலவற்றில் அது 100 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சற்றுத் தட்டினால் ஏறியும் விடும்; நட்டுகளும் இறுகியவை போலத் தோன்றும். ஆயினும், ஒவ்வொரு திருகாணியும் தன் துளையின் நடுவிலிருந்து 0.8 மில்லிமீற்றர் விலகி நிற்றலால், நட்டின் கூம்பு ஒருபுறமே அழுந்தும். ஓட்டத்தின் அதிர்வில் நட்டுத் தளரும். வளைந்த திருகாணி நாளடைவில் முறியும். துளையை அரத்தால் அகட்டுதல் இதற்குப் பரிகாரமன்று. நட்டு அமரும் இருக்கையையே அது கெடுத்துவிடும்.

இவ்வட்டத்தை அளத்தல் எளிது. நான்கு துளையாயின், ஒரு துளையின் வெளிவிளிம்பிலிருந்து எதிர்த்துளையின் உள்விளிம்பு வரை அளக்க. ஐந்து துளையாயின், அடுத்தடுத்த இரு துளைகளின் நடுத்தூரத்தை 1.7013 ஆற் பெருக்குக.

இரண்டாவது, நட்டு. கூம்பு, உருண்டை, தட்டை எனச் சில்லின் இருக்கை பல வகைப்படும்; நட்டும் அவ்வகையினதாதல் வேண்டும். மைனரின் திருகாணி 3/8 அங்குல நுண்புரியுடையது. யப்பானிய வண்டிகளின் மில்லிமீற்றர் நட்டு அதற்கு ஆகாது. அலோய் சில்லு தடிப்பு மிக்கதாகலின், பழைய திருகாணி குட்டையாய்ப் போதலும் உண்டு. திருகாணியின் விட்டமளவுக்கேனும் புரி நட்டினுட் செல்லாவிடின் அச்சில்லைத் தள்ளுக.

மூன்றாவது, நடுத்துளை. ஹப் எனப்படும் குடத்தின் முனை அதனுள் தடையின்றிப் புகுதல் வேண்டும். புகாவிடின் சில்லு குடத்தின் முகத்தோடு படிந்து அமராது.

நான்காவது, சில்லின் ஏற்றுமுகம் றிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியுள்ளது என்பது. அளவு பிழைத்தால், உட்புறம் ஸ்ரியறிங் உறுப்புகளில் உராயும். அல்லது வெளிப்புறம் மட்காட்டை முட்டும். வெளியே பிதுங்கிய சில்லு நெம்புகோல் போற் செயற்பட்டுப் பெயாரிங்கை விரைவில் தேய்க்கும். பழைய சில்லின் பின்விளிம்பிற் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஏற்றுமுகம் வரை அளந்து, புதியதுடன் ஒப்பிடுக. றிம்மின் அகலம் வேறுபடின் அதனையும் கணக்கிற் கொள்க. ஏற்றிய பின் ஸ்ரியறிங்கை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்த்தலும் வேண்டும்.

ஐந்தாவது, விட்டமும் பாரமும். 155 மில்லிமீற்றர் அகலமும் 80 விகிதமும் உடைய ரயரை மைனருக்குரிய 14 அங்குல றிம்மில் இட்டால் முழுவிட்டம் ஏறத்தாழ 604 மில்லிமீற்றர்; 13 அங்குல றிம்மில் இட்டால் 578. வண்டி அரை அங்குலம் தாழும். குளக்கட்டு வழிகளில் அவ்வரை அங்குலமும் பெரிதே. வேகமானி 60 எனக் காட்டும்போது மெய்வேகம் 57 அல்லது 58 ஆகவே இருக்கும். மேலும், மிட்ஜெற் இருவர் அமரும் சிறு வண்டி. நால்வரோடு நெல்மூடையும் ஏற்றும் வண்டிக்குச் சில்லின் பாரத்தகுதியைப் பாராது வாங்குதல் தகாது.

இவ்வைந்தும் ஒத்தபின், நட்டுகளை எதிரெதிராக மாறிமாறி இறுக்குக. 50 மைல் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது. கிளிநொச்சியிலிருந்து வவுனியா செல்லும் தூரம் ஏறத்தாழ அதுவே.

இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் எமது கல்லூரிப் பழைய மாணவருட் சிலர், ஊரில் நிற்கும் தந்தையின் மைனருக்கு அழகிய ஸ்போர்ட்ஸ் கார்ச் சில்லுகளை அனுப்ப விழைதல் இயல்பே. அன்பினால் அனுப்பும் பொருள் ஆபத்தாய் முடிதல் ஆகாது. பணம் கொடுக்குமுன், ஊரிலுள்ளார் ஒருவரைக் கொண்டு மேற்கூறிய ஐந்து அளவுகளையும் எடுப்பித்து, எழுத்திற் பெற்றுக்கொள்க. ஓர் அளவேனும் ஒவ்வாதாயின், அழகையும் விலையையும் பாராது அச்சில்லை விடுக. தேவை நம்மைக் கிடைத்ததை மாட்டச் செய்த காலம் கழிந்தது. தெரிந்தெடுக்கும் காலம் வந்துள்ளது. வண்டியுள் அமர்வோர் நம் பெற்றோரும் பிள்ளைகளுமே என்பதை மறவாதிருப்போமாக.