லோ-கெயின் ஓவர்டிரைவ்: முதல் பெடலை எப்படித் தேர்ந்தெடுப்பது?



இந்த எபிசோடில் ஆடியோ கிளிப்பிங் பற்றிப் பேசினோம். ரெக்கார்டிங்கில் அது வந்தா தலைவலி. எலக்ட்ரிக் கிட்டார்ல மட்டும் அதையே காசு கொடுத்து வாங்குறோம்! "சரி, முதல் ஓவர்டிரைவ் பெடலா எதை வாங்கலாம்?" என்ற கேள்விக்கு நேரம் போதலை. அதனால் அது இந்த மடலில்.

கெயின் ஏன் குறைவா இருக்கணும்?

கோட் எழுதுறவங்களுக்கு கிளிப்பிங்கை ஒரு வரியில் சொல்லிடலாம். ஒரு எண் 1-ஐத் தாண்டினா 1 என்றே வை, மைனஸ் 1-க்குக் கீழே போனா மைனஸ் 1 என்றே வை. இது ஹார்டு கிளிப்பிங். சாஃப்ட் கிளிப்பிங்ல அலையின் உச்சி வெட்டுப்படாது, மழுங்கும். பழைய வால்வ் ஆம்ப்பை முழு சத்தத்தில் வைத்தா தானாகவே இப்படி நடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும் ஃபிளாட்டில் அதைச் செய்ய முடியாது. அந்த வேலையைத்தான் பெடல் சின்ன சத்தத்தில் செய்கிறது.

கெயின் குறைவா இருந்தா, மெதுவா மீட்டினா சுத்தமான ஒலி, அழுத்தி மீட்டினா லேசான கரகரப்பு. எது எப்போ என்று உங்க விரல் முடிவு பண்ணும். கெயினை ஏற்றிட்டா மெதுவா வாசித்தாலும் அடித்து வாசித்தாலும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

கார்டு வாசிக்கும்போது இன்னொரு விஷயம் இருக்கு. இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து கிளிப் ஆனா, நீங்க வாசிக்காத புது அதிர்வெண்களும் பிறக்கும். 220 ஹெர்ட்ஸ், 330 ஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்து வாசித்தா 110, 440 என்று புதுசா வரும். இரண்டுமே 220-க்குச் சொந்தக்காரங்கதான், அதனால் காதுக்குக் குறையில்லை. பவர் கார்டு எவ்வளவு கெயினையும் தாங்குறதுக்கு இதுதான் காரணம். ஆனா 220-உடன் மேஜர் தேர்டான 277-ஐச் சேர்த்தா சுமார் 163, 334 வரும். பக்கத்தில் இருக்கும் ஸ்வரங்கள் 165, 330. கிட்டே இருக்கு, ஆனா ஒட்டலை. அதுதான் கொழகொழப்பாகக் கேட்கிறது. முழு கார்டு வாசிக்கிற ஆளுக்கு லோ-கெயின்தான் தேவை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மூன்று குடும்பங்கள்

கடையில் நூறு பெயர் இருக்கும். லோ-கெயின் பக்கம் நிறைய பெடல்கள் இந்த மூன்று குடும்பங்களில் அடங்கும்.

1. டியூப் ஸ்க்ரீமர். ஐபனெஸ் நிறுவனத்தின் பச்சைப் பெட்டி. ஆப்-ஆம்பின் ஃபீட்பேக் பாதையில் டயோடுகள் இருக்கும், அதனால் சாஃப்ட் கிளிப்பிங். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக பெருக்கம் குறையும், அதனால் பேஸ் மெலிந்து நடு அலைகள் முன்னால் வரும். கவனிங்க, டிரைவைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அந்த நடு அலைகளை 12 மடங்கு வரை பெருக்கும், முழுக்கத் திருப்பினா 118 மடங்கு வரை. பூஜ்யத்திலும் கொஞ்சம் கரகரப்பு வர்றது இதனால்தான். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் இருக்கும் பேண்டில் உங்க சத்தம் தொலையாம நிற்கும். ரூமில் தனியா வாசித்தா கொஞ்சம் மூக்கால் பாடுற மாதிரி இருக்கும். பாஸ் எஸ்டி-1-ம் இந்த வீட்டுப் பிள்ளைதான், விலையும் குறைவு.

2. ப்ளூஸ்பிரேக்கர். 1990-களின் தொடக்கத்தில் மார்ஷல் வெளியிட்டது. டயோடுகளோடு ஒரு ரெசிஸ்டரும் தொடரா இருப்பதால் கிளிப்பிங் இன்னும் மென்மை. கெயின் குறைவு, பேஸும் அவ்வளவா தொலையாது. அனலாக் மேன் கிங் ஆஃப் டோன், ஜேஎச்எஸ் மார்னிங் க்ளோரி இரண்டும் இதிலிருந்து வந்தவை. கிங் ஆஃப் டோனுக்குக் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் போகும்.

3. க்ளோன் சென்டார். 1990-களில் பில் ஃபினெகன் உருவாக்கியது. சுத்தமான சிக்னலும் கிளிப் ஆன சிக்னலும் உள்ளேயே கலந்து வெளியே வரும். அதனால் மீட்டலின் முதல் தட்டு தெளிவா கேட்கும். சர்க்யூட் தெரியக்கூடாது என்று மேலே எபாக்சி ஊற்றி மூடினார். ஆனாலும் ஆட்கள் அதைச் சுரண்டி எடுத்து வரைபடத்தை வெளியிட்டுட்டாங்க. இன்று பழைய சென்டார் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதே வழியில் செய்த எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் சோல் ஃபுட் அதில் ஒரு சின்னப் பங்கு விலைதான். அந்த டயோடில் மந்திரம் இருக்கு என்று யாராவது சொன்னா, பர்ஸை இறுக்கிப் பிடிங்க.

வாங்கும் முன்

ரிக்வயர்மென்ட் எழுதாம டூல் வாங்குற டீம்களை வேலையில் நிறையப் பார்க்கிறேன். பெடலுக்கும் அதே விதிதான். மூன்று கேள்வி போதும்.

எதில் செருகப் போறீங்க? ஆம்ப் இல்லாம நேரா லேப்டாப் இன்டர்ஃபேஸில் என்றால், கேபினெட் சிமுலேஷன் கட்டாயம். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைத் தானாகவே குறைத்துவிடும். அது இல்லாட்டி எந்தப் பெடலும் கொசு மாதிரி ரீங்காரம் போடும். பாவம், பழி பெடல் மேல் விழும்.

தனியாகவா, பேண்டிலா? தனி என்றால் ப்ளூஸ்பிரேக்கர் வகை, பேண்டு என்றால் டியூப் ஸ்க்ரீமர் வகை.

உங்க பிக்கப் எது? ஹம்பக்கருக்கு பொதுவா வெளியீடு அதிகம், சீக்கிரம் கிளிப் ஆகும். பேஸும் தடிமனா இருக்கும், கவனமா பாருங்க.

கடைக்குப் போனா உங்க கிட்டாரையே எடுத்துப் போங்க. பெடல் ஆன், ஆஃப் இரண்டிலும் சத்தம் சமமா இருக்கும்படி லெவலை வையுங்க. இதைச் செய்யாட்டி ஒப்பீடே வீண், ஏன்னா சத்தம் கூடினாலே காதுக்கு நல்லா இருக்கிற மாதிரி தோணும். டிரைவைக் கால்வாசிக்கு மேல் திருப்பாதீங்க. ஒரு முழு மேஜர் கார்டு வாசிங்க, ஒவ்வொரு ஸ்வரமும் தனியா கேட்குதா? கிட்டார் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்குங்க, ஒலி சுத்தமாகுதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் விலை அட்டையைப் பார்க்கலாம்.

சின்ன வயசில் கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போனவங்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டிய ஸ்வரம் சீக்கிரம் அடங்கிட்டா கமகம் பாதியில் நின்னுடும். லோ-கெயின் பெடல் சிக்னலைக் கொஞ்சம் அமுக்கி, வாலை நீட்டித் தரும். இழுப்பும் சறுக்கலும் முடியும் வரை ஸ்வரம் உயிரோட இருக்கும். இதற்கு கெயின் கூட வேண்டாம், கூட்டினா அந்த நுணுக்கம்தான் முதலில் போகும்.

இன்னும் குழப்பமா? ரூமில் வாசிக்கிற ஆள் என்றால் ப்ளூஸ்பிரேக்கர் வகையில் ஒன்று, பழசானாலும் பரவாயில்லை, வாங்கி மூணு மாசம் வேற எதையும் பார்க்காம வாசிங்க. அடுத்து என்ன தேவை என்று உங்க காதே சொல்லும். எதை வாங்கினீங்க என்று பதில் மடல் போடுங்க!