'மேசையின் மேல் புத்தகம்' ஏன் இடிக்கிறது?

கட்டுரைத் தாள் திருத்தும்போது இந்த மாதிரி வரிகள் கண்ணில் படாத ஆசிரியர் இருக்கமாட்டார்: "மேசையின் மேல் புத்தகம் என்னுடையது." "கண்ணாடியுடன் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்." "ஈப்போவுக்குப் பேருந்து தாமதமாக வந்தது." எழுத்துப்பிழை கிடையாது. வேற்றுமை உருபு சரி, சந்தியும் சரி. ஆனாலும் இடிக்கிறது. நாம் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, மேலே 'உள்ள' என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். மாணவருக்குக் காரணம் தெரிவதில்லை. அடுத்த கட்டுரையிலும் அதே வரி வரும்.

காரணம், பிள்ளை எந்த மொழியில் யோசித்துவிட்டு எழுதுகிறது என்பதில் இருக்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல் தனக்குப் பின்னால் ஒரு முன்னிடைச்சொல்லை, அதாவது பிரிப்பொசிஷனை, நேராக ஒட்டிக்கொள்ளும். 'த புக் ஆன் த டேபிள்', 'த பாய் வித் கிளாசஸ்', 'த பஸ் டு ஈப்போ' – நடுவில் வினை எதுவும் தேவைப்படாது. தமிழில் 'மேல்', 'உடன்', 'கு' எல்லாம் பெரும்பாலும் ஒரு வினையைத் தேடுபவை. 'மேசையின் மேல்' என்றதுமே காது 'வைத்தான்', 'இருக்கிறது' என்று ஒன்றை எதிர்பார்க்கிறது. அங்கே பெயர்ச்சொல் வந்து நின்றால் தடுக்குகிறது. அதனால் நடுவில் பெயரெச்சம் ஒன்று பாலம் போட வேண்டும்: மேசையின் மேல் உள்ள புத்தகம், கண்ணாடி அணிந்த பையன், ஈப்போவுக்குச் செல்லும் பேருந்து. ('மேசையின் கால்', 'தலைவலிக்கு மருந்து' போன்றவை பாலம் இல்லாமலே சேரும். ஆறாம் வேற்றுமைக்கு அது இயல்பு. நான்காம் வேற்றுமைக்குச் சில இடங்களில் மட்டும்.)

மலேசியப் பிள்ளைகளுக்கு இதில் இரட்டைச் சுமை. மலாயிலும் 'புக்கு டி ஆத்தாஸ் மேஜா' என்று பெயர்ச்சொல்தான் முதலில் வரும், விவரம் பின்னால் வரும். ஆக, ஆங்கிலமும் மலாயும் ஒரே பக்கம் இழுக்க, தமிழ் மட்டும் தனியாக எதிர்ப்பக்கம் நிற்கிறது.

எல்லா இடத்திலும் 'உள்ள' போட்டால் போதுமா? போதாது. ஆங்கில முன்னிடைச்சொல் வினையை உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. தமிழ் அதை வெளியே எடுத்துச் சொல்லச் சொல்கிறது. 'த ஷாப் அட் த ஜங்ஷன்' என்பது சந்திப்பில் உள்ள கடை. 'தி ஆக்ஸிடென்ட் அட் த ஜங்ஷன்' என்பதோ சந்திப்பில் நடந்த விபத்து. ஒரே 'அட்', இரண்டு வினை. 'சந்திப்பில் உள்ள விபத்து' என்று யாராவது சொல்வார்களா? 'லெட்டர் ஃப்ரம் த பிரின்சிபல்' தலைமையாசிரியரிடமிருந்து வந்த கடிதம். தலைமையாசிரியர் எழுதிய கடிதம் என்றும் சொல்லலாம். எதைச் சொல்கிறோம் என்று மாணவர் யோசித்துத்தான் ஆகணும். இந்த யோசனைக்குச் சோம்பல்பட்டு 'க்கான'வைத் தூக்கிப் போடும் பழக்கம் அறிவிப்புப் பலகைகளிலும் சுற்றறிக்கைகளிலும் பெருகிவிட்டது. 'தேர்வுக் கட்டணம்' என்றாலே போதும், 'தேர்வுக்கான கட்டணம்' எதற்கு என்பது என் கட்சி.

'பற்றி' என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்கலாம். 'புலியைப் பற்றிக் கதை சொன்னான்' – சரி, 'சொன்னான்' இருக்கிறது. 'புலியைப் பற்றிக் கதை நன்றாக இருந்தது' – தவறு, 'பற்றிய' வேண்டும். 'பற்றி' முதலில் 'பற்று' என்ற வினையின் எச்சம். குறித்து, நோக்கி, சுற்றி, ஒட்டி எல்லாம் அதே வகை. வினையைத் தொட்டால் வினையெச்சம், பெயரைத் தொட்டால் பெயரெச்சம்: குறித்து பேசினார், குறித்த பேச்சு. ஆங்கிலத்திலும் 'கன்சர்னிங்', 'ரிகார்டிங்' போன்றவை வினையிலிருந்து வந்தவைதான். 'டியூரிங்' கூட வழக்கொழிந்த ஒரு வினையின் எச்சம். ஆனால் அவை உருவம் மாறுவதில்லை. மாணவர் இடறுவது அங்கேதான்.

அடுத்தது ஆங்கில எச்சங்கள். '-இங்' வந்தால் செய்பவர், '-எட்' வந்தால் செயப்படுபொருள் என்று ஆங்கிலம் பிரித்துக் காட்டும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் 'அம்மாவால் செய்யப்பட்ட கேக்' என்று எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'அம்மா செஞ்ச கேக்'தான். 'செய்த' என்ற ஒரே சொல் எல்லாருக்கும் பொருந்தும். நன்னூல் பெயரெச்சம் கொள்ளும் பெயரை ஆறாகச் சொல்கிறதே, அதை இங்கே எடுத்து வைக்கலாம்: சமைத்த அம்மா, சமைத்த சட்டி, சமைத்த வீடு, சமைத்த சமையல், சமைத்த நாள், சமைத்த குழம்பு. செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறுக்கும் வடிவம் ஒன்றே. ஆங்கிலத்தில் 'சமைத்த சட்டி'க்கு நீளமாக ஒரு வாக்கியத்துண்டு வேண்டும். 'தடைசெய்யப்பட்ட பகுதி' மாதிரி, செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடங்களில் 'பட்ட' இருக்கட்டும். 'ஆல்' உருபோடு அது சேர்ந்து வந்தால் மட்டும் நின்று பாருங்கள்.

இதே பிள்ளைகள் பேச்சில் இந்தத் தவறைச் செய்வதில்லை. கேன்டீனில் காது கொடுத்துக் கேளுங்க: "டேபிள் மேல இருக்கிற பேக்க எடு", "கண்ணாடி போட்ட பையன் வந்தான்ல?" பெயரெச்சம் அச்சுப் பிசகாமல் விழும். பேனா கைக்கு வந்ததும்தான் ஆங்கிலம் உள்ளே வருகிறது. சிங்கப்பூரில் 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கிடைத்திருக்கிறது; அதை இங்கே பயன்படுத்தலாம். தவறான வரியைத் திருத்தாமல், "இதை உன் தம்பிகிட்ட எப்படிச் சொல்வே?" என்று கேட்டால் போதும். 'இருக்கிற', 'போட்ட' அவர்கள் வாயிலிருந்தே வரும். பிறகு அதை 'உள்ள', 'அணிந்த' என்று எழுத்துக்கு மாற்றுவது இரண்டு நிமிட வேலை.

மேல்வகுப்புகளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்துப் பார்க்கலாம்: 'ஐ சா த மேன் வித் த டெலஸ்கோப்.' ஆங்கிலத்தில் தொலைநோக்கி யாரிடம் இருந்தது என்பது தெரியாது. தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிலர் 'தொலைநோக்கி வைத்திருந்த மனிதரைப் பார்த்தேன்' என்பார்கள், சிலர் 'தொலைநோக்கி வழியாக அந்த மனிதரைப் பார்த்தேன்' என்பார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடட்டும். 'தொலைநோக்கியுடன் மனிதரைப் பார்த்தேன்' என்று எழுதியவரிடம் எந்தக் கட்சி என்று கேளுங்கள்.