அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் பழுதறிதல்

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் பழுதறிதல் என்பது, இவ்வகைத் துப்பாக்கிகளின் விசைத் தொகுதி, மேற்பூச்சு, குறிகாட்டிகள் ஆகியவற்றில் தோன்றும் குறைகளின் காரணங்களை அறியும் முறையாகும். இக்குறைகளுள் பல, உறுப்புகள் முறிவதால் அன்றி அழுக்கு, உறைந்த எண்ணெய், ஈரம், தவறான சேமிப்பு ஆகியவற்றால் ஏற்படுகின்றன. எனவே உறுப்பை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடுவதே இம்முறையின் அடிப்படை ஆகும். இந்தியாவில் உரிமதாரர் ஒருவர் தாமே செய்யத்தக்கவை சோதித்தல், துடைத்தல், எண்ணெயிடல் ஆகியவையே. உள்ளுறுப்புகளைச் செப்பனிடுவது உரிமம் பெற்ற வல்லுநரின் பணியாகும்.

பின்னணி

ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாவை மட்டும் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானாகவே குழலுக்குள் ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அரைத் தானியங்கி எனப்படும். இந்தியக் காவல் துறையும் படைகளும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ இவ்வகையைச் சேர்ந்தது. இது மேற்கு வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் தயாரிப்பு ஆகும். இதன் மூல வடிவம் பிரவுனிங் ஹை-பவர். ஜான் பிரவுனிங் தொடங்கிய அவ்வடிவமைப்பை, 1926 இல் அவர் மறைந்த பின்னர் பெல்சியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியூதோனே சேவ் நிறைவு செய்தார். அது 1935 இல் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவில் உரிமம் பெற்ற தனியார் வாங்கக்கூடிய .32 அங்குல அஷானி கைத்துப்பாக்கியும் அரைத் தானியங்கியே.

சோதனைக்கு முன்

எச்சோதனைக்கும் முன்னர் துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதி செய்தல் வேண்டும். முதலில் தோட்டாக்கூடு வெளியே எடுக்கப்படும். பின்னர் மேற்பகுதியான சிலைடு பின்னுக்கு இழுக்கப்பட்டு, குழலின் தோட்டா அறை கண்ணாலும் விரலாலும் சோதிக்கப்படும். இவ்வரிசை மாறக்கூடாது. தோட்டாக்கூட்டை எடுக்காமல் சிலைடை இழுத்துவிட்டால், அறையிலிருந்த தோட்டா வெளியேறினாலும் கூட்டிலிருந்து மற்றொன்று உள்ளே ஏறிவிடும். சோதனை நடைபெறும் மேசையில் தோட்டாக்கள் இருத்தல் கூடாது.

விசைத் தொகுதிக் கோளாறுகள்

சுத்தியல் பின்னுக்கு இழுபட்டு நிற்கும்போது சியர் எனப்படும் சிறு கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கின்றது. விசையை இழுத்தால் சியர் விலகும். சுத்தியல் ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் அடியிலுள்ள எரியூட்டியைத் தாக்கும். ஹை-பவர் வடிவமைப்பில் விசைக்கும் சியருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விசை ஒரு நெம்புகோலை மேலே தள்ள, அது சிலைடினுள் உள்ள மற்றொரு நெம்புகோலை அசைத்து, அதன் மறுமுனை சியரை அழுத்துகின்றது. சிலைடு பின்னே செல்லும்போது இத்தொடர்பு அறுபடுவதால், விரல் விசையிலேயே இருந்தாலும் இரண்டாம் முறை சுடாது.

பொதுவாகக் காணப்படும் கோளாறுகள் பின்வருமாறு:

* விசை கடினமாகவோ சொரசொரப்பாகவோ இருத்தல்: புகைக்கரி, உறைந்த எண்ணெய், தூசு ஆகியவை முதற் காரணங்கள். ஹை-பவரில் தோட்டாக்கூடு இல்லாதபோது விசை இயங்காதவாறு ஒரு காப்பு உண்டு. அக்காப்பின் முனை தோட்டாக்கூட்டின் முகப்பில் உராய்வதும் சொரசொரப்பைத் தரும். கூடு இன்றி விசை இயங்காதது பழுது அன்று, வடிவமைப்பின் இயல்பே.
* விசை முன்னிலைக்குத் திரும்பாமை: விசையின் சுருள்வில் தளர்தல் அல்லது முறிதல், விசையின் ஊசித்தண்டில் துரு ஏறுதல் ஆகியவை காரணங்கள்.
* சுத்தியல் விழுந்தும் தோட்டா வெடிக்காமை: எரியூட்டியில் பதிந்துள்ள குழியின் ஆழம் காரணத்தைக் காட்டும். குழி ஆழமாக இருந்தால் தோட்டாவில் குறை இருக்கலாம். ஆழமின்றி இருந்தால் ஊசிப் பாதையில் அழுக்கோ, மிகையான கொழுப்பெண்ணெயோ, தளர்ந்த சுத்தியல் வில்லோ காரணமாகலாம்.
* சிலைடு மூடும்போது சுத்தியலும் உடன் விழுதல், அல்லது ஒரே இழுப்பில் இரண்டு தோட்டாக்கள் சுடப்படுதல்: சியரின் விளிம்பு தேய்ந்திருப்பதற்கான அறிகுறிகள் இவை. இவ்வாறான துப்பாக்கியை உடனே பயன்பாட்டிலிருந்து விலக்குதல் வேண்டும்.

தோட்டா வெடிக்காதபோது துப்பாக்கியை இலக்கின் பக்கமே நோக்கிப் பிடித்து, குறைந்தது 30 நொடிகள் காத்திருந்த பின்னரே தோட்டாவை வெளியேற்றுதல் வேண்டும். எரியூட்டி தாமதமாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

விசையை இலகுவாக்கும் பொருட்டுச் சியரைத் தேய்ப்பது மிகுந்த ஆபத்தை விளைவிக்கும். பல துப்பாக்கிகளில் இவ்வுறுப்பின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அம்மெல்லிய அடுக்கு நீங்கினால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு விரைவில் தேய்ந்து, விசையைத் தொடாமலே சுத்தியல் விழக்கூடும். வேலை முடிந்த அன்று விசை நன்றாகவே இயங்கும். தீங்கு பிற்பாடே வெளிப்படும். போட்டிகளிலும் விசைக்குக் கீழெல்லை உண்டு. பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் விசையின் இழுவிசை 1000 கிராமுக்குக் குறையலாகாது.

மேற்பூச்சுத் தேய்மானம்

துப்பாக்கி எஃகின் கருநீல நிறம் வண்ணப்பூச்சு அன்று. கொதிக்கும் காரக் கரைசலில் சுமார் 140 பாகை செல்சியசில் எஃகை அமிழ்த்தும்போது, அதன் மேற்பரப்பே மேக்னடைட்டு என்னும் கருப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகின்றது. இவ்வடுக்கு மிக மெல்லியது. தனித்து நின்று துருவைத் தடுக்காது. தன்மேல் எண்ணெயைத் தாங்கி நிற்பதனாலேயே பயன் தருகின்றது. பாசுபேட்டுப் பூச்சு நுண்துளைகள் கொண்டதால் எண்ணெயை இன்னும் நன்றாகப் பிடித்து வைக்கும்.

தேய்மானத்தையும் துருவையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். குழல்முனை ஓரங்களிலும் சிலைடின் பக்கங்களிலும் வழவழப்பாக வெளிறித் தெரிவது உறையில் உராய்ந்த தேய்மானமாகும். இது தோற்றக் குறை மட்டுமே. எண்ணெய் தடவி வந்தால் போதும். எண்ணெய்த் துணியால் தேய்க்கும்போது துணியில் பழுப்பு நிறம் ஏறினால் அது துருவாகும். வியர்வையில் உப்பு இருப்பதால் கைப்பிடித் தகடுகளின் அடியில் துரு மறைந்து வளரும். பித்தளையை விளக்கப் பயன்படும் புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றைக் கருநீல எஃகில் பயன்படுத்தலாகாது. அமிலம் துருவோடு பூச்சையும் கரைத்துவிடும்.

தோல் உறையும் துருவும்

துப்பாக்கியைத் தோல் உறையிலேயே நெடுநாள் வைத்திருப்பது பரவலாகக் காணப்படும் தவறாகும். இதன் காரணத்தைத் தோல் பதனிடும் முறையிலிருந்து அறியலாம். வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டு, திருப்பத்தூர் மாவட்டத்தின் ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. பச்சைத் தோல் அழுகாதிருக்க முதலில் உப்பிடப்படுகின்றது. பின்னர் அது இரு முறைகளுள் ஒன்றால் பதனிடப்படும். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பொருளான டேனினைக் கொண்டு பதனிடுவது தாவர முறை. குரோமியம் சல்பேட்டைக் கொண்டு பதனிடுவது குரோம் முறை. எம்முறையாயினும் முடிவில் கிடைக்கும் தோல் சிறிது அமிலத்தன்மை உடையது. அதில் உப்புகளின் எச்சமும் இருக்கலாம். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்பும் கொண்டது. ஆகவே மூடிய தோல் உறைக்குள் அமிலம், உப்பு, ஈரம் ஆகிய மூன்றும் எஃகைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதன் விளைவு கூடுதலாகும்.

டேனின் இரும்புடன் சேர்ந்தால் கருநிறச் சேர்மம் உண்டாகும். கடுக்காயையும் இரும்பு உப்பையும் கலந்து எழுதுமை செய்த பழைய முறையின் அடிப்படையும் இதுவே. தாவர முறைத் தொட்டிகளில் இரும்பு படாமல் பார்த்துக்கொள்வது, தோலில் கறை விழுவதைத் தவிர்ப்பதற்காகும். அதே வினை உறைக்குள் நிகழும்போது தோலில் கருங்கறையும் எஃகில் நுண்குழிகளும் தோன்றும். உறையின் உட்புறத்தில் துப்பாக்கியின் வடிவில் கருமை படிந்திருந்தால் அதனை முன்னெச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

எனவே தோல் உறை எடுத்துச் செல்வதற்கே உரியது, சேமிப்பதற்கு அன்று. இந்தியாவில் தேர்தல் காலங்களில் உரிமதாரர் பலர் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரிடுகின்றது. அவை பல வாரங்கள் எவரும் தொடாமல் அங்கே இருக்கும். ஒப்படைக்கும் முன் எண்ணெய் தடவி, தோல் உறையை நீக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் கொடுப்பது துருவைத் தவிர்க்க உதவும்.

குறிகாட்டிகள்

குழல்முனை அருகில் உள்ளது முன்குறிகாட்டி. சிலைடின் பின்முனையில் பிளவுடன் இருப்பது பின்குறிகாட்டி. தோட்டாக்கள் இலக்கின் ஒரு பக்கமாகவே விழுந்தால் குறிகாட்டி நகர்ந்திருக்கலாம். விசையை விரல் பக்கவாட்டில் தள்ளுவதும் காரணமாகலாம். வலக்கைப் பழக்கம் உடையோரின் தோட்டாக்கள் இடப்பக்கம் விழுவது பெரும்பாலும் பின்னதால் ஆகும். கையைத் தாங்கியில் ஊன்றி ஒருமுறையும், வேறொருவரைக் கொண்டு ஒருமுறையும் சுட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். குறிகாட்டி பொருந்தும் காடியில் மெல்லிய கோடு ஒன்றை வரைந்து வைத்தால் அது நகர்வதை எளிதில் கண்டறியலாம்.

பின்குறிகாட்டியைத் தோட்டா செல்ல வேண்டிய திசையிலும், முன்குறிகாட்டியை அதற்கு எதிர்த் திசையிலும் நகர்த்துதல் வேண்டும். நகர்த்த வேண்டிய அளவு = (பிழையின் அளவு × குறிகாட்டிகளுக்கு இடைப்பட்ட நீளம்) ÷ இலக்கின் தொலைவு. எடுத்துக்காட்டாக, இடைநீளம் 160 மி.மீ., தொலைவு 25 மீட்டர், பிழை 100 மி.மீ. எனில், நகர்த்த வேண்டியது 0.64 மி.மீ. மட்டுமே. சுத்தியலால் தட்டி நகர்த்துவோர் பெரும்பாலும் இதனை மிஞ்சிவிடுகின்றனர்.

இருளில் ஒளிரும் குறிகாட்டிகளில் டிரிட்டியம் வளிமம் அடைக்கப்பட்டுள்ளது. அதன் அரைவாழ்வு சுமார் 12.3 ஆண்டுகள் ஆதலால், ஆண்டுகள் செல்ல ஒளி மங்குவது பழுது அன்று.

இந்தியச் சட்டம்

1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி துப்பாக்கிகளைத் தொழிலாகச் செப்பனிடுவதற்கும் உரிமம் தேவை. 8 ஆம் பிரிவு துப்பாக்கியின் பெயர், எண், பிற அடையாளக் குறி ஆகியவற்றை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கின்றது. மேற்பூச்சைப் புதுப்பிக்க எஃகைத் தேய்த்து மெருகிடும்போது பொறிக்கப்பட்ட எண்ணும் மங்கக்கூடும். ஆகையால் துருவை நீக்கும் பணியே ஆயினும் எண் உள்ள இடத்தைத் தேய்த்தல் கூடாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

இவற்றையும் பார்க்க

* துப்பாக்கி
* தோல் பதனிடுதல்
* துருப்பிடித்தல்
* பேரணாம்பட்டு