தோள்சீலை சொல்லும் கதை

நெசவாளியைக் கேட்டால் சேலையை உழைப்பு என்பான். கடைக்காரனைக் கேட்டால் காசு என்பான். தெற்கே, கல்குளம், விளவங்கோடு வட்டாரத்திலே அந்நாளைய அதிகாரியைக் கேட்டிருந்தால், "முதலில் உன் சாதியைச் சொல், தோளில் துணி போடலாமா என்று பிறகு சொல்கிறேன்" என்றிருப்பான்!

வியப்பா, தோழரே? திருவிதாங்கூர் மன்னராட்சியிலே அதுதான் நடைமுறை. மரபு என்று அதற்குப் பெயர்! மார்பைத் திறந்து நிற்பது மேலோருக்குக் காட்டும் மரியாதையாம். நாயர் பெண் நம்பூதிரியின் முன் மேலாடையை விலக்க வேண்டும். நாடார் பெண்ணோ மேலாடை அணியவே கூடாது. சாதி ஏணியில் படி இறங்க இறங்கத் துணியும் குறைந்தது.

பனையேறிப் பிழைத்த வீட்டுப் பெண்கள் பணிந்தே கிடக்கவில்லை. கிறித்தவம் தழுவியவர்கள் முதலில் துணிந்தார்கள். கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, குப்பாயம் என்னும் சட்டை அணிய அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. சட்டைக்கு மேல் தோள்சீலையும் போட்டார்கள். வந்தது ஆத்திரம்! சந்தையிலே சீலை கிழிந்தது. பள்ளியும் கோயிலும் எரிந்தன. 1829-இல் அரசு ஆணையிட்டது: சட்டை போடலாம், தோள்சீலை கூடாது!

அடங்கினார்களா? இல்லை. 1858-இல் மீண்டும் கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவிலியன் நெருக்கினார். 1859 சூலை 26-இல் மன்னர் இறங்கி வந்தார். அப்போதும் பாருங்கள், நாடார் பெண்கள் அனைவரும் சட்டை போடலாமாம். முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாமாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாதாம்! வெட்கத்தை மறைக்க அனுமதி உண்டு, சமத்துவத்துக்கு இல்லை!

ஆடையோடு முடிந்ததா? அணியிலும் அடிமை முத்திரை இருந்தது. 1915-இல் கொல்லம் பகுதியிலே, அய்யன்காளியின் அறைகூவல் கேட்டுப் புலையர் குலப் பெண்கள் கழுத்தில் சுமந்த கல்மாலையை அறுத்தெறிந்தார்கள்.

பழைய உடையைக் காட்சிச்சாலையில் வைத்து, வட்டாரப் பண்பாடு என்பார்கள். பண்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்போம்: உடுத்தியவள் விரும்பி உடுத்தியதா, ஊர் உடுத்தச் சொன்னதா?

இன்று நாகர்கோவில் சந்தையிலே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மீனுக்குப் பேரம் பேசுகிறாளே ஒரு தாய், அவளுக்கு இந்தக் கதை நினைவில் இல்லாமல் போகலாம். அந்த முந்தானைக்குக் கொடுத்த விலையை நாம் மறக்கலாமா?