உடல்நிலையை உணர்த்தும் ஆடை

மானத்தைக் காக்கவும், வெயில், பனி, கொசுக்கடி ஆகியவற்றிலிருந்து உடலை மறைக்கவுமே ஆடை என்று இதுகாறும் எண்ணி வந்தோம். அவ்வாடையே, அணிந்திருப்பவரின் இதயத் துடிப்பையும் மூச்சையும் அளந்து கூறும் காலம் வந்துள்ளது.

இதன் தொடக்கம் போர்க்களத்தைச் சார்ந்தது. 1996ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படையின் நிதியுதவியுடன், அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கான ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. குண்டடிபட்ட வீரனின் காயம் எங்குள்ளது என்பதைத் தொலைவிலிருந்தே அறிய வேண்டும் என்பது நோக்கம். சட்டை முழுவதும் ஒளியிழை சுற்றிச் சுற்றி நெய்யப்பட்டது. ஒரு முனையில் செலுத்தப்படும் ஒளி மறு முனையை அடையவில்லையெனில் இழை அறுபட்டுள்ளது என்பது தெளிவு. இவ்வாராய்ச்சியை நடத்திய பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் தோலின் மீது நுண்ணிய மின்னழுத்தம் தோன்றுகின்றது. அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். அதாவது, கைவிளக்கில் இடும் சிறு பேட்டரி ஒன்றின் அழுத்தத்தில் 1,500இல் ஒரு பங்கு. மருத்துவமனையில் இதனை அறிய மார்பில் வில்லைகளை ஒட்டிக் கம்பிகளை இணைப்பர். ஆடையிலோ, வெள்ளி முலாம் பூசிய நைலான் நூலே அப்பணியைச் செய்கின்றது. தோல் சிறிது வியர்த்திருந்தால்தான் அது நன்கு வேலை செய்யும். வியர்வைக்கு நமக்குப் பஞ்சமில்லை!

மூச்சை அளக்கும் முறைகளுள் ஒன்று நம் தொழிலோடு தொடர்புடையது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை யாவரும் அறிவோம். மின்பணியாளர் ரப்பர்க் கையுறை அணிவது அதனாலேயே. ஆனால், அதே ரப்பருடன் நுண்ணிய கரித்தூளைப் போதிய அளவு கலந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். அதனை இழுத்தால், உள்ளிருக்கும் கரித்துகள்களின் இடைவெளி மாறி, மின்தடையும் மாறும். அத்தகைய பட்டை மார்பைச் சுற்றி இருப்பின், மூச்சை உள்ளிழுக்கையில் விரியும், வெளிவிடுகையில் சுருங்கும். அம்மாற்றங்களை எண்ணினால் நிமிடத்திற்கு எத்தனை மூச்சு என்பது கிடைத்துவிடும். அமைதியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு.

கடும் வெயிலில் உழைப்போருக்கு இவ்வாடை உதவக்கூடும். உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியசைக் கடந்து, புத்தி தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. எனினும், ஆடை அளப்பது தோலின் சூட்டையே, உட்சூட்டை அன்று. ஆதலால், எச்சரிக்கை வரவில்லை என்று நம்பித் தலைசுற்றலைப் பொறுத்துக்கொண்டு வேலையைத் தொடர்தல் கூடாது. நிழலுக்குச் சென்று உடலை நீரால் குளிர்வித்தல் வேண்டும். மயங்கி விழுந்தவருக்கு உடனே 999 எண்ணை அழைத்தல் வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. துவைக்கத் துவைக்க வெள்ளி முலாம் தேயும். உடல் அசைவு அளவைக் குழப்பும். இவற்றைவிடப் பெரியது மற்றொன்று. ஒருவரின் இதயம் பலவீனமானது என்ற செய்தி மருத்துவரிடம் சென்றால் சிகிச்சை கிட்டும்; வேலை கொடுப்பவரிடம் முதலில் சென்றால் வேலை நிலைக்குமா? இத்தகைய ஆடையை அணியுமாறு எவரேனும் கேட்பின், குறிப்புகளை யார் பார்ப்பர், எத்தனை நாள் வைத்திருப்பர் என்பதை முன்னதாகக் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.